உங்களுக்குத் தெரியுமா? தெருவில் கார் நிறுத்தவும் பெர்மிட்!

கலிபோர்னியா பல்கலைக்கழகம் இருக்கும் பெர்க்லி நகரில், வளாகத்தைச் சுற்றியுள்ள பல தெருக்கள் ஆங்கில எழுத்துகளால் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அந்த மண்டலத்தில் குடியிருப்பவர்கள் கட்டணம் கட்டி பெர்மிட் வாங்கலாம். பெர்மிட் இல்லாத கார், பலகையில் குறித்த நேரங்களில் பொதுவாக 2 மணி நேரம்தான் நிற்கலாம், மீறினால் அபராதம். வகுப்புக்கு வருபவர்களின் கார்கள் நாள் முழுக்கத் தெருவை அடைத்துக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

பொதுத் தெருவில் குடியிருப்பவருக்கு மட்டும் சலுகை தரலாமா? வெர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இதுபற்றி எழுந்த வழக்கில், ‘தரலாம், அது சம உரிமைக்கு எதிரானதல்ல’ என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. காற்று மாசும் இரைச்சலும் குறையும், மக்கள் பேருந்துக்கு மாறுவார்கள் என்பது அது ஏற்ற காரணங்களில் சில. நியாயமான தீர்ப்புதான். ஆனால் நியூயார்க்கில் கதை வேறு: மாநில சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் ஆல்பனி நகரம் கொண்டுவந்த பெர்மிட் முறை 1988-ல் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

இன்னொன்று: பெர்மிட் வாங்கினாலும் வீட்டு வாசலில் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பெர்க்லியில் படிக்கப் போகும் பிள்ளைகளே, வாடகைக்கு வீடு பிடிக்குமுன் தெருமுனைப் பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள்.