இன்ஜின் எங்கே திருட்டுக் காற்று குடிக்கிறது?

பெட்ரோல் வண்டி எதைக் குடித்து ஓடுகிறது என்று பதினோராம் வகுப்பில் கேட்டால் "பெட்ரோலை, சார்" என்றுதான் பதில் வரும். அது பாதிப் பதில். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. 20 அடி நீளமும் 20 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு வகுப்பறையின் காற்று முழுவதையும் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் பெட்ரோல் தீர்த்துவிடும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட பிறகுதான் மாணவர்கள் காற்றைப் பற்றிப் பேசத் தயாராகிறார்கள்.

விளாத்திகுளம் வட்டத்தில், வேம்பாரை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் வாகனப் பாடம் நடத்துகிறேன். முத்துக்குளித்துறை ஊர்களில் ஒன்றாக இருந்த வேம்பாரில் இன்று மீன்பிடியும் கருப்பட்டியும்தான் பிழைப்பு. கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர் வழியாகப் போவதால் வண்டி வேலைக்கும் குறைவில்லை. எங்கள் மாணவர்களில் பலர் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு ஏதாவதொரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே அவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, கருவியை மாட்டு, என்ன பிழை எண் வருகிறதென்று பார், அதில் பெயர் வருகிற பொருளை மாற்று என்பதுதான். இந்தப் பழக்கம் என்ன செய்யும் என்பதை ஒரு வண்டி எங்களுக்குக் காட்டியது.

அது எங்கள் முன்னாள் மாணவன் ஒருவனுடைய தகப்பனாரின் வாடகை கார், பெட்ரோல் வண்டி. இரவில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்றால் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஓடும் வண்டி. ஐடிலிங்கில் நடுக்கம், செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை. வேறோர் ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். கருவியில் பி 0171 என்ற எண் வந்திருக்கிறது. "ஆக்சிஜன் சென்சார் போச்சு" என்று புதிது போட்டிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு ஒரு வார வருமானம் போனது. நாலாவது நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

பி 0171 என்ற எண்ணுக்குப் பொருள், கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதே. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. சேதி கொண்டுவந்தவன் மேல் பழி போட்டதுபோல ஆகிவிட்டது.

சமையலம்மாவின் உப்பு

அந்தச் சேதியைப் புரிந்துகொள்ள, இன்ஜினின் கணினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நான் சத்துணவுக் கூடத்தை வைத்துத்தான் தொடங்குவேன். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை தண்ணீர், இவ்வளவு உப்பு என்று சமையலம்மாவுக்குக் கணக்கு உண்டு. சாம்பார் கொதிக்கும்போது ருசி பார்ப்பார், குறைந்தால் ஒரு கை போடுவார். நாலு நாள் தொடர்ந்து குறைந்தால் ஐந்தாம் நாள் தொடக்கத்திலேயே ஒரு கை கூட்டிப் போட்டுவிடுவார்.

கணினியும் அப்படியே. உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் அளந்து சொல்கிறது. அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிறது. எரிந்தபின் வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று புகைக்குழாயில் உள்ள சென்சார் ருசி பார்க்கிறது. 1976இல் வோல்வோ கார்களில் போஷ் நிறுவனம் முதன்முதலாகப் பொருத்திக் கொடுத்த அந்தச் சென்சார்தான் இதற்கெல்லாம் மூலம். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். கணினி உடனே கூட்டுகிறது. அப்போதைக்கப்போது செய்யும் இந்தத் திருத்தத்தைக் குறுகிய கால எரிபொருள் திருத்தம் என்கிறோம். அது தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும் பங்கு நீண்ட காலத் திருத்தம். இரண்டும் சதவீதத்தில் வரும். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மொத்தம் சைபரை ஒட்டி இருந்தால் நல்லது. பத்துக்கு மேல் கூடினாலோ அந்த அளவுக்குக் குறைந்தாலோ காரணம் தேட வேண்டும்.

இப்போது சமையலம்மா பார்க்காத நேரத்தில் யாரோ அண்டாவில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கரிக்காது. அவர் கை கையாக உப்பைப் போட்டுக்கொண்டே இருப்பார். குறை அவர் நாக்கிலா இருக்கிறது? வெற்றிடக் கசிவு என்பது அந்தக் குடம்தான். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது த்ராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். அதனால் இன்லெட் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். (முழு வெற்றிடம் அல்ல. 'வேக்கம்' என்பது பட்டறை வழக்கு. இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.) அங்கே ஒரு ஹோஸில் வெடிப்போ கேஸ்கெட்டில் இடைவெளியோ இருந்தால் சென்சாரின் கண்ணில் படாமல் காற்று உள்ளே போகும். மாணவர்கள் இதற்கு வைத்த பெயர் திருட்டுக் காற்று.

திருட்டைக் காட்டிக்கொடுக்கும் கணக்கு

இனி வருவது ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்குதான். ஐடிலிங்கில் சென்சார் வழியாக நொடிக்கு 2 கிராம் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். வெடிப்பு வழியாக 0.5 கிராம் கூடுதலாகப் போகிறது. இரண்டில் அரை என்பது 25 சதவீதம். கணினி 25 சதவீதம் பெட்ரோலைக் கூட்டியாக வேண்டும். ஆக்சலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் சென்சார் வழியாக 8 கிராம் போகிறது. வெடிப்பு அதே அளவுதான், திருட்டும் ஏறத்தாழ அதே 0.5தான். எட்டில் அரை என்பது ஆறு சதவீதம் சொச்சம்.

ஐடிலிங்கில் பெரிதாக இருந்து, சுற்று கூடும்போது சுருங்கும் திருத்தம் வெற்றிடக் கசிவின் அடையாளம். மாறாக ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, பாரம் ஏறும்போது கூடிக்கொண்டே போனால் காற்றைச் சந்தேகிக்கக் கூடாது. அடைந்த ஃபில்டர், தளர்ந்த பெட்ரோல் பம்ப் என்று பெட்ரோல் வரும் பக்கம் போக வேண்டும். ஒரே ஒரு எண் எதையும் சொல்வதில்லை. இரண்டு நிலைகளில் எடுத்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசம்தான் பேசுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்ட மாணவன் மற்றதையெல்லாம் தானே கண்டுபிடித்துக்கொள்வான் என்பது என் அனுபவம்.

அண்ணாச்சியின் காரில் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு எடுத்த அளவு இது: ஐடிலிங்கில் குறுகிய காலம் 7, நீண்ட காலம் 18, மொத்தம் 25. 2,500 சுற்றில் 1, 5, மொத்தம் 6. (நீண்ட காலத் திருத்தத்தைப் பல வண்டிகள் வேகத்துக்கும் பாரத்துக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால் அதுவும் மாறும்.) காற்று எந்த வழியாகப் போகிறது? மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை மாணவர்கள் ஒவ்வொன்றாக, ரப்பர் மிருதுவாக உள்ள இடத்தில், கிளாம்பால் இறுக்கிப் பார்த்தார்கள். முதல் இரண்டில் மாற்றமில்லை. மூன்றாவது, பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். அதை மேனிஃபோல்டுக்கு அருகில் இறுக்கியதும் நடுக்கம் நின்றது. திரையில் குறுகிய காலத் திருத்தம் சர்ரென்று இறங்கி மைனஸ் 16இல் நின்றது.

அங்கேதான் நல்ல பாடம் கிடைத்தது. "சார், மைனஸ் ஆயிடுச்சு. இன்னும் மோசமாயிடுச்சோ?" என்றாள் ஒரு மாணவி. நான் பதில் சொல்லவில்லை, நீண்ட காலத் திருத்தத்தைப் பார்க்கச் சொன்னேன். அது 18இலேயே இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "பழைய பழக்கத்துல 18 கூட்டுது, இப்ப தேவையில்லாததால 16 குறைக்குது. மொத்தம் 2தான்." முழுக்களின் கூட்டலை இதைவிடத் தெளிவாக நான் கரும்பலகையில் விளக்கியதில்லை. சமையலம்மாவும் அப்படித்தான். குடத்து நீர் நின்ற முதல் நாள் சாம்பார் உப்புக் கரிக்கும்.

ஹோஸ் பூஸ்டரில் சேரும் முனையில் வெடித்திருந்தது. கிளிப் துருவேறி இற்றுப்போயிருந்தது. கடலோரத்தில் கிளிப்புகளின் ஆயுள் அவ்வளவுதான். புது ஹோஸ், கிளிப் விலை, மாற்றிய சென்சாரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. பிரேக்கை மிதிக்கும்போது நம் காலுக்குத் துணையாக வருவது அந்த ஹோஸ் வழியாகக் கிடைக்கும் வெற்றிடம்தான். "கொஞ்ச நாளா பிரேக்கு இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி, சாதாரணமாக. அந்தப் பிரேக்கோடுதான் இரவில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் வந்திருக்கிறார்.

பூஸ்டரைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். கார் வைத்திருக்கும் ஆசிரியர்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

இந்த அடையாளத்துக்கு விலக்கும் உண்டு

மேலே சொன்ன கணக்கு, காற்றின் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குப் பொருந்தும். நம் ஊரில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான் உண்டு. அது மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறது. திருட்டுக் காற்று புகுந்தால் அங்கே அழுத்தம் கூடும். அதையும் சேர்த்தே கணினி பெட்ரோல் கொடுத்துவிடும். எனவே திருத்தம் பெரிதாக எகிறாமல் போகலாம். பதிலுக்கு ஐடிலிங் சுற்று உயரும், அதை அடக்கக் கணினி த்ராட்டிலை வழக்கத்தைவிட அதிகமாக மூடிவைக்கும். அங்கே அந்த எண்களைப் பார்க்க வேண்டும். எந்தச் சென்சார் உள்ள வண்டி என்று கேட்காமல் தொடங்குகிற மாணவனை நான் கருவியைத் தொட விடுவதில்லை. இன்னொன்று, ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து அதே பொய்ச் சேதியைத் தரும்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் 2010 ஏப்ரலில் முதல்நிலை ஓ.பி.டி. வந்தது, 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலை. அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைச் சாக்கெட் இருக்கும். செல்போனோடு இணையும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கணினி அறிவியல் ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. திருத்தம் வண்டியிலிருந்து ஒரே ஒரு பைட்டாக, 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக வருகிறது. அதிலிருந்து 128ஐக் கழித்து, 100ஆல் பெருக்கி, 128ஆல் வகுத்தால் சதவீதம். 160 வந்தால் 25. நாங்கள் இரண்டு பாட வேளைகளைச் சேர்த்து இதைச் செய்தோம்.

தொடக்க வகுப்புகளுக்குக் காரே வேண்டாம். இரண்டு ஸ்ட்ராக்களை வாயில் வைத்து, ஒன்றின் முனையைத் தம்ளர் நீருக்குள்ளும் மற்றதன் முனையை வெளியிலும் விட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். நீர் ஏறாது. வெளியிலிருக்கும் ஸ்ட்ராவை விரலால் மூடினால் உடனே ஏறும். நாங்கள் ஹோஸை இறுக்கிச் செய்ததும் இதைத்தான்.

இன்ஜினோடு செய்யும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும், மூடிய அறையில் புகை உயிரைக் கொல்லும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். துப்பட்டா, தளர்ந்த கயிறு, வளையல் எதுவும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது. கசிவு தேட ஓடும் இன்ஜின் மேல் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிக்கும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது, ஊதுபத்திப் புகை காட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே தீக்கு அழைப்பு. பள்ளியில் கிளாம்ப் போதும்.

வேம்பார் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "வள்ளத்து இன்ஜின்லயும் இப்படிப் பாக்கலாமா சார்?" முடியாது. டீசல் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பெட்ரோல் இன்ஜினில் உள்ளதுபோன்ற த்ராட்டில் கதவு அல்ல, செலுத்தப்படும் டீசலின் அளவு. அதனால் அதன் மேனிஃபோல்டில் இந்த வெற்றிடமே உருவாவதில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய வெளிப்பொருத்து மோட்டார்களில் காற்று கசியும், ஆனால் திருத்தத்தை எழுதிவைக்கக் கணினி இல்லை. அங்கே இன்னமும் காதும் அனுபவமும்தான். அந்த மோட்டார்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் எங்கள் மாணவர்களின் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அடுத்த பருவத்தில் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம்.