பக்கத்து இருக்கையில் இருப்பவரின் ஹக்கு

 

சென்ற ஆண்டு ஒரு நிக்காஹ்வுக்காக நம் ஊரிலிருந்து முப்பது பேர் நெல்லையில் இரவு ரயில் ஏறிச் சென்னைக்குப் புறப்பட்டோம். வெகுநாள் கழித்துச் சொந்தங்கள் ஒன்றாகச் செல்லும் பயணம். பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. சாப்பாட்டைத் திறந்து வைத்துக் கீழ் பெர்த்துகளில் வரிசையாக உட்கார்ந்தோம். அதில் ஒரு பெர்த் வயதான ஓர் அம்மாவுடையது. "உட்காரலாமா அம்மா?" என்று கேட்டோம். "உக்காருங்க தம்பி, பரவாயில்ல" என்று சொல்லி ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டார். சாப்பிட்டு, பேசி, நாங்கள் எழுந்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது.

அதிகாலையில் தாம்பரத்தில் மகள் கைத்தாங்கலாக அவரை இறக்கும்போதுதான் விவரம் தெரிந்தது. அவர் புற்றுநோய் சிகிச்சைக்காக வந்தவர். நாங்கள் எழும்பூர் வரை செல்ல வேண்டியவர்கள். மன்னிப்புக் கேட்க வாசலுக்கு ஓடுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

அந்தச் சங்கடம் இன்றும் மனதை விட்டுப் போகவில்லை. அல்லாஹ்வின் கடமைகளில் குறை வைத்தால் அவனிடமே தவ்பா செய்யலாம். அடியாருக்குச் செய்த தீங்குக்கோ அந்த அடியாரும் மன்னிக்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் தவறு செய்தால் மறுநாள் அவர் வாசலில் போய் நிற்கலாம். சக பயணியை எங்கே தேடுவது? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எனவே பயணத்தில் முன்னதாகவே பேணிக்கொள்வதுதான் ஒரே வழி.

சூரத்துன் நிஸாவின் 36ஆம் வசனம், நாம் நன்மை செய்ய வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் ஆகியோருடன், பக்கத்தில் இருக்கும் தோழரும் அதில் வருகிறார். மனைவியைக் குறிக்கிறது என்று சொன்ன விரிவுரையாளர்களும் உண்டு. பயணத்தில் உடன் வருபவர் என்று விளக்கியவர்களும் பலர். ஆக, எந்த மதத்தவராயினும் நம் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நம்மீது ஒரு ஹக்கு இருக்கிறது.

ரயிலில்

ஸ்லீப்பர் பெட்டியில் தூங்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 மணி வரை. மற்ற நேரத்தில் கீழ் பெர்த் எல்லோரும் உட்காரும் இருக்கை. பத்து மணிக்குமேல் அது அதற்குரியவரின் படுக்கை. நடு பெர்த்தைத் தூக்கி மாட்டினால்தான் அதற்குரியவரும் படுக்க முடியும். நாம் கீழே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரின் தூக்கம் கெடுகிறது. பத்து மணிக்குள் சாப்பிட்டு முடித்து விளக்கை அணைத்துவிடுங்கள். வயதானவரோ கர்ப்பிணியோ கீழ் பெர்த் கேட்டால், முடிந்தவரை இளைஞர்கள் மாற்றிக் கொடுங்கள்.

உளூச் செய்யும்போது வாஷ்பேசின் அருகில் தரையெல்லாம் தண்ணீர் தேங்கும்படி விடாதீர்கள். அடுத்து வருபவர் வழுக்கி விழக்கூடும். தண்ணீரும் பெட்டி முழுவதற்கும் பொது. தொழுகைக்காக நடைபாதையை அடைத்து முஸல்லா விரிப்பதும் முறையல்ல. பயணிக்குக் கஸ்ர் உண்டு. ஜம்உ பற்றி உங்கள் மத்ஹபுக்கேற்ப உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, புறப்படும் முன்பே நேரத்தைத் திட்டமிடுங்கள்.

பஸ்ஸில்

பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கை எது என்று பஸ்ஸிலேயே எழுதியிருக்கிறது. அதில் உட்கார்ந்துவிட்டு, அவர்கள் ஏறும்போது தூங்குவதுபோல் கண்ணை மூடுவது நமக்கு அழகல்ல. எல்லா நோயும் வெளியே தெரியாது. டயாலிசிஸ் முடித்து வருபவர் பார்ப்பதற்குத் திடமாகவே இருப்பார். "கொஞ்சம் உட்காரணும்" என்று ஒருவர் கேட்டால் காரணம் கேட்காமல் எழுந்துவிடுங்கள். சபைகளில் இடம் விட்டுக் கொடுப்பவருக்கு அல்லாஹ் இடத்தை விசாலமாக்குவான் என்பது சூரத்துல் முஜாதலா நமக்குச் சொல்லும் செய்தி.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்களை 'ஓசி' என்று கேலி பேசுவதை நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல்லும் தாய்மாரை அவமதிக்கும் சொல் அது. கண்டித்துத் திருத்துங்கள். பள்ளிக்கும் மதரஸாவுக்கும் செல்லும் பிள்ளைகள் நெரிசலில் பையை முதுகிலிருந்து கழற்றிக் கீழே வைக்கவும், படிக்கட்டில் தொங்காமல் உள்ளே செல்லவும் சொல்லிக் கொடுங்கள்.

சப்தம்

செல்போனில் சினிமாப் பாட்டைச் சத்தமாக வைப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். பயானையும் கிராஅத்தையும் அப்படி வைக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பள்ளிவாசலில் சிலர் உரக்க ஓதியபோது, ஒருவருக்கொருவர் இடையூறு செய்ய வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸில் வருகிறது. பள்ளிவாசலிலேயே அப்படியென்றால், களைத்துப்போனவர்கள் நிறைந்த பஸ்ஸில் எப்படி? காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

'பரவாயில்லை' என்றால்

நாங்கள் அன்று அனுமதி கேட்கத்தான் செய்தோம். ஆனால் முப்பது பேர் கொண்ட கூட்டத்திடம் ஒரு வயதான பெண் 'முடியாது' என்று சொல்வாரா? எதிரில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்லும்வரை காத்திருக்காமல், அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இனி டிரஸ்ட் மூலம் ஏற்பாடாகும் பயணங்களில் பெட்டிக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பது என முடிவு செய்திருக்கிறோம். சாப்பாடு, விளக்கு, குப்பை மூன்றையும் அவர் கவனித்துக்கொள்வார். இறங்கும் முன் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏதும் சிரமம் கொடுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவோம். குடும்பத்தோடு செல்லும்போது நீங்களும் இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தையைச் சொல்ல மறுநாள் வாய்ப்புக் கிடைக்காது.

அந்த அம்மாவுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக! ஆமீன்.

- செயலாளர்