ஊர் சுற்ற ஒரு ஸ்டீல் சைக்கிள்

1963 ஜனவரி. ஐரோப்பா உறைந்து கிடந்த கடும் குளிர்காலம். டெர்வ்லா மர்ஃபி என்ற 31 வயது அயர்லாந்துப் பெண், பிரான்ஸின் டன்கிர்க் நகரிலிருந்து டெல்லிக்குத் தனியாக சைக்கிளில் புறப்பட்டார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஓர் அட்லஸும் பரிசாகக் கிடைத்தபோதே எடுத்த முடிவு அது. யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மிதித்து அந்த ஆண்டு ஜூலையில் டெல்லியை அடைந்தார். கிளம்புவதற்கு முன் அவர் செய்த இரண்டு காரியங்கள் கவனிக்கத்தக்கவை. சைக்கிளில் இருந்த மூன்று வேக கியரைக் கழற்றிப் போட்டார், ஆசியாவின் கரடுமுரடான சாலைகளில் அது தாங்காது என்று நினைத்ததால். மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார்.

இன்று தொலைதூரப் பயணத்துக்கு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் டயரில் ஆரம்பிப்பதில்லை. ஃபிரேம் ஸ்டீலா, அலுமினியமா, கார்பனா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பதில் பெரும்பாலும் ஸ்டீல் என்றே வரும்; சரியான பதிலும் அதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம், ‘எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம்’ என்பது, பாதிதான் உண்மை.

குழாய்க்குள் ஒரு சூட்சுமம்

நல்ல டூரிங் சைக்கிளின் ஃபிரேம் நம் பழைய கறுப்பு சைக்கிளின் இரும்புக் குழாயில் செய்ததல்ல. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ‘குரோமோலி’ ஸ்டீல் அது. உறுதி அதிகம் என்பதால் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம். அதிலும் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இருக்காது. மூட்டு விழும் முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர் என்பது வழக்கமான ஓர் அளவு. அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும் உலோகம்.

இந்த உத்திக்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897-ல் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் 1935-ல் கொண்டுவந்த ‘ரெனால்ட்ஸ் 531’ குழாய், பல பத்தாண்டுகளுக்கு உயர்தர சைக்கிள்களின் அடையாளமாக இருந்தது. இங்கே ஒரு சென்னைத் தொடர்பும் உண்டு. ரெனால்ட்ஸை 1928 முதல் வைத்திருந்த ‘டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்’ குழுமம்தான் 1946-ல் ஹெர்குலிஸ் நிறுவனத்தையும் வாங்கியது. அதே குழுமம் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949-ல் தொடங்கியதுதான் டி.ஐ. சைக்கிள்ஸ். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் பர்மிங்ஹாமின் 531-ம் ஒரு வகையில் பங்காளிகள்.

ஸ்டீலின் பெரிய குணம் அதன் சகிப்புத்தன்மை. ஓர் எல்லைக்குக் குறைவான அழுத்தம் எத்தனை லட்சம் முறை வந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் சேரும். இதனாலும், ஸ்டீலைவிட விறைப்பு குறைவு என்பதாலும்தான் அலுமினிய ஃபிரேம்களின் குழாய்கள் பருமனாக இருக்கின்றன. நன்றாகச் செய்த அலுமினிய சைக்கிளும் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் விரிசல் விடும் கட்டம் வந்தால் ஸ்டீல் பெரும்பாலும் மெதுவாகத்தான் விடும். பெயின்டில் ஒரு கோடு, மிதிக்கும்போது ஒரு சத்தம் என்று முன்கூட்டியே தகவல் சொல்லும்.

ஒரு கிலோவின் கணக்கு

‘ஸ்டீல் கனமாச்சே?’ என்பது அடுத்த கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல குரோமோலி ஃபிரேம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். கார்பன் ஃபிரேம் ஒரு கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 14 கிலோ, பைகளில் துணிமணி, கூடாரம், தண்ணீர், கருவிகள் என்று 20 கிலோ. மொத்தம் கிட்டத்தட்ட நூறு. ஃபிரேமில் மிச்சமாகும் ஒரு கிலோ அதில் ஒரு சதவீதம்! கூடுதலாக எடுத்துவைத்த ஒரு ஜீன்ஸையும் தடிமனான ஒரு புத்தகத்தையும் வீட்டில் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

எடையைவிட முக்கியம், சுமை எங்கே உட்கார்கிறது என்பது. டூரிங் சைக்கிளில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம் சுமார் 45 சென்டிமீட்டர். பந்தய சைக்கிளில் இது 41 அளவில்தான் இருக்கும். இந்த நாலு சென்டிமீட்டர் இல்லையென்றால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பின்பையில் இடிக்கும். பைகள் கேரியரின் மேலே ஏறாமல் சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும். நம் பால்காரர்கள் கேனை மாட்டும் அதே முறைதான். முன் ஃபோர்க்கிலும் இரண்டு சிறிய பைகள் மாட்டினால் எடை பரவிவிடும். எல்லாவற்றையும் பின்னால் மட்டும் ஏற்றினால், மலையேற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலையும்.

சுமையோடு சமதளத்தில் போவது சுலபம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அங்கேதான் கியரின் அருமை தெரியும். முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள சாதாரண சைக்கிள் ஒரு சுற்று மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். டூரிங் சைக்கிளின் மிகச் சிறிய கியரில், முன்னே 26, பின்னே 34 என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு ஆறு கிலோமீட்டர். பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் முட்டி வலிக்காமல், இறங்கித் தள்ளாமல், மேலே போய்ச் சேர்ந்துவிடலாம்.

வெல்டிங் பட்டறைக் கதை

ஜெர்மனியின் ஹோவெல்ஹோஃப் ஊரிலிருந்து 1962-ல் கிளம்பிய ஹைன்ஸ் ஸ்டுக்கே, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றி ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்தவர். அதில் பெரும்பகுதியை அவர் கடந்தது மூன்று கியர் கொண்ட, 25 கிலோ எடையுள்ள ஒரே ஸ்டீல் சைக்கிளில். அதன் ஃபிரேம் பலமுறை உடைந்து, பல நாடுகளில் வெல்டிங் செய்யப்பட்டது. பட்டறைக் கதைக்கு இவரைவிடப் பெரிய சாட்சி இல்லை.

ஆனால் அது தடித்த குழாயில் செய்த கனமான சைக்கிள். இன்றைய 0.6 மில்லிமீட்டர் குழாயில் கேட் கம்பி ஒட்டும் ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஒட்டாது, ஓட்டைதான் விழும். கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து நிதானமாக ஒட்டத் தெரிந்த கை வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் தேடிப்போக வேண்டும். ஸ்டீலால் அன்றாடம் கிடைக்கும் நன்மை வேறு. சைக்கிள் சாய்ந்து விழுந்து பின் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்தால், ஸ்டீலில் அதைப் பொறுமையாக நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தில் பெரும்பாலும் புதிதாகத்தான் மாற்ற வேண்டும். கேரியர் மாட்டும் கண்ணி பிய்ந்தால் மறுபடி ஒட்டலாம்.

622-ஆ, 635-ஆ?

உண்மையில் பயணத்தை நிறுத்துவது ஃபிரேம் அல்ல. டயர், டியூப், ஸ்போக்ஸ் கம்பி. நம் பழைய சைக்கிள்களின் 28 x 1½ டயர் உட்காரும் ரிமின் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய டூரிங் சைக்கிள்களில் பரவலாக இருக்கும் 700சி ரிம் 622. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டுக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. நகரத்துக் கடைகளில் 700சி கிடைத்துவிடும். உள்ளூர்ச் சந்தைக் கடைகளில் தடித்த டயர் போட்ட எம்.டி.பி. வகை சைக்கிள்களின் 26 இன்ச் டயர்தான் சுலபமாகக் கிடைக்கும். அதன் ரிம் அளவு 559. ‘26 இன்ச்’ என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. அதே பெயரில் வேறு அளவுகளும் புழங்குகின்றன. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணே சாட்சி.

வால்வும் அப்படித்தான். பைக்கிலும் காரிலும் இருக்கும் ஷ்ரேடர் வால்வு போட்ட டியூப் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்குச் சிறிய அடாப்டர் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும். சக்கரத்துக்கு 36 கம்பிகள் இருப்பது நல்லது. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். அடுத்த ஊர்க் கடையில் கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். கம்பி அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் ஓடும் பக்கத்தில். அங்கே புதுக் கம்பி கோக்க கியர்த் தொகுதியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான கருவியும் சரியான நீளத்தில் நாலு கம்பிகளும் கூடவே வர வேண்டும். பிரேக்கில் ஆயில் ஹைட்ராலிக்கைவிட கேபிள் மேல். கேபிள் கிராமத்திலும் கிடைக்கும்.

ஸ்டீலின் ஒரே பரம எதிரி துரு. அது வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. மழைத்தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சுக் கூட்டில் தேங்கி, உள்ளிருந்து தின்னும். கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்யும்போது குழாய்களுக்குள் துருத் தடுப்பு எண்ணெய் விடுங்கள். கூட்டின் அடியில் வடிதுளை இருந்தால் அடைப்பை எடுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடங்களில் தொட்டு வையுங்கள். சீட் கம்பியைக் கிரீஸ் தடவியே இறக்குங்கள். அலுமினியக் கம்பி ஸ்டீல் குழாய்க்குள் வறண்டு கிடந்தால் இரண்டும் இறுகிவிடும், பிறகு சுத்தியல் எடுத்தாலும் வராது.

வேகம் வேண்டுமென்றால் இந்த சைக்கிள் வேண்டாம். மாடிப்படியில் தினமும் தூக்கிக்கொண்டு ஏறுபவர்களுக்கும் வேண்டாம். மூட்டையோடு மாவட்டம் விட்டு மாவட்டம் போய், இருபது ஆண்டு கழித்தும் அதே சைக்கிளில் போக நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் போக நினைக்கும் ஊரின் சைக்கிள் கடைக்கு ஒரு நடை போங்கள். இந்த சைஸ் டயர் இருக்கிறதா, இந்த டியூப் இருக்கிறதா, இந்தக் கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ‘இருக்கு’ என்று பதில் வந்தால் தயங்காமல் வாங்குங்கள்.