காண்பதும் அறிவதும்: நுண்ணோக்கியின் கீழ் மனித உடல்

நுண்ணோக்கியின் கீழ் ஒரு பொருளைக் காண்பது வேறு. அதனை இன்னதென்று அறிவது வேறு. காண்பதற்குக் கண்ணும் கண்ணாடியும் போதும். அறிவதற்குப் பழக்கம் வேண்டும்; அதனினும் மேலாக, ஒன்றை அதன் அண்டை அயலோடு சேர்த்து நோக்கும் முறை வேண்டும். தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். எழுத்தை மட்டும் உற்றுப் பார்ப்பவன் திகைப்பான். முன் நிற்பது யாது, பின் வருவது யாது என நோக்குபவனே அது ரகரமா காலா எனத் துணிவான். மனித உடலின் உயிரணுக்களை இனங்காண்பதும் ஏறத்தாழ இத்தகைய சுவடிப் படிப்பே. அச்சுவடியைப் பிழையறப் படித்து, ஒரு கொள்ளைநோயை அடக்க வழி கண்டவர் ஒருவர் நம் பினாங்கில் பிறந்தார். அவர் வரலாற்றுக்கு வருமுன் படிக்கும் முறையைச் சிறிது காண்போம்.

உடலிலிருந்து எடுத்த துணுக்கை அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்தால் ஒன்றும் விளங்காது. ஒளி ஊடுருவ வேண்டுமே! ஆகவே அதனைப் பார்மலினில் இட்டு அழுகாமற் காத்து, சாராயத்தால் நீரை அகற்றி, உருகிய மெழுகை உள்ளே ஊறச்செய்து இறுக்குகின்றனர். பின்னர் ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கு கனமே உடைய சீவல்களாகச் சீவுகின்றனர். இச்சீவல்கள் ஏறக்குறைய நிறமற்றவை. ஆதலின் சாயம் ஏற்ற வேண்டும். மிகுதியாக வழங்கும் சாயங்கள் இரண்டு. ஒன்று ஹீமட்டாக்சிலின், நடு அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது. மற்றொன்று இயோசின் என்னும் செயற்கைச் சாயம். முன்னது தானே செவ்வனே பற்றாது; படிகாரம் போன்ற உப்பின் துணை வேண்டும். சோழமண்டலக் கரையின் சாயக்காரர் சாயவேரின் செந்நிறம் துணியிற் பற்றுதற்குப் படிகாரம் சேர்த்தனரே, அதே நுட்பம்தான் இது! ஹீமட்டாக்சிலின் உயிரணுவின் உட்கருவை நீலங்கலந்த ஊதாவாக்கும். இயோசின் ஏனைய பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். பாடநூற் படங்களில் நாம் காணும் நிறம் உடலின் நிறமன்று, சாயத்தின் நிறமே என்பதை மாணவர்க்கு முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று.

ஒரு தொழிலுக்கெனக் கூடி நிற்கும் உயிரணுத் தொகுதியை நம் பள்ளிகளில் திசு என்கிறோம். இலங்கைத் தமிழர் இழையம் என்பர். நெய்த துணி என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததை ஒலிபெயர்த்துத் திசு என்று வைத்துக்கொண்டோம். அவர்களோ அதன் பொருளையே தமிழில் பிடித்துவிட்டனர். இச்சொல்லில் அவர்களே நம்மினும் நன்கு செய்தனர் என்பது என் கருத்து. எனினும் பழகிய சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

திசுக்கள் நால்வகை: உறுப்புகளைப் போர்த்தும் புறத்தோல் வகை, தாங்கியும் பிணைத்தும் நிற்கும் இணைப்பு வகை, தசை, நரம்பு. தசையை எடுத்துக்கொள்வோம். கையை அசைக்கும் தசையின் இழைகளில் குறுக்கே வரிகள் ஓடும். உட்கருக்கள் பல, அவையும் இழையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இதயத் தசையிலும் வரிகள் உண்டு. ஆயின் இழைகள் கிளைவிட்டுப் பின்னும், உட்கரு நடுவில் இருக்கும். குடற்சுவரின் தசையில் வரியே இல்லை. இருமுனையும் கூர்ந்த நெய்தறி நாடா போன்ற உயிரணுக்கள் அடுக்கடுக்காக நிற்கும். வரி உண்டா, உட்கரு எங்கே என்னும் இரண்டே வினாக்களால் மூன்றும் பிரிந்துவிடுகின்றன. எலும்போ வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல வட்டத்துள் வட்டமாகத் தோன்றும். கொழுப்பு உயிரணு வெறுங்கூடாகத் தெரியும்; உள்ளிருந்த கொழுப்பைச் சீவலுக்கு முந்திய நீர்மங்கள் கரைத்துவிட்டன. அங்கு இன்மையே அடையாளம்.

அளவுகோலும் சீவலிலேயே உண்டு. குருதியின் சிவப்பணு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரின் 1000இல் 7 அல்லது 8 பங்கு அகலம் உடையது, உட்கரு அற்றது. பெரும்பாலான திசுச் சீவல்களில் ஒரு சிறு குருதிக்குழாயாவது தென்படும். அதனுள் கிடக்கும் சிவப்பணுவோடு ஒப்பிட்டு அயலணுவின் பருமையை மதிப்பிடலாம்.

தொடக்கத்தில் மாணவரை ஏமாற்றுவது வெட்டுவாய். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் ஐம்முகச் சக்கரம். நெடுக அரிந்தால் விதை வரிசை. இரண்டையும் ஒரே காய் என்று அறிய அடுக்களைப் பழக்கம் வேண்டும். அவித்த முட்டையின் ஓரத்தைச் சீவினால் வெள்ளையே வரும். அதனால் அம்முட்டைக்கு மஞ்சட்கரு இல்லை எனலாமா? அவ்வாறே, சீவலில் உட்கரு தெரியாத உயிரணுவை உட்கரு அற்றது என்று எழுதிவிடுவோர் உளர்.

இனி, ஒரே உயிரணு இருக்கும் இடத்தால் வேறு பொருள் தருவதைக் காண்க. குடலின் உட்சுவரில் சுரப்பி உயிரணுக்கள் நிற்பது இயல்பு. அவற்றை ஒத்தவை ஒரு நிணநீர்க் கணுவினுள் கூட்டமாகக் காணப்படின், புற்றுநோய் பரவிவிட்டது என்று மருத்துவர் ஐயுறுவர். இக்காலத்தில், குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் சாயத்தோடு இணைத்து, வழிதவறிய அணு எவ்வுறுப்பிலிருந்து வந்தது என்றும் வினவுகின்றனர். இவ்வசதி ஒன்றும் இல்லாத காலத்தில், அரிய ஒரு முடிவை எடுக்க நேர்ந்தவரே டாக்டர் வூ லியன் தே.

1879ஆம் ஆண்டு மார்ச் 10இல் ஜார்ஜ் டவுனில், பொற்கொல்லர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார்; பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்றார்; 1896இல் அரசியாரின் உதவிச்சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் கற்றார். பின்னர்ச் சீனா சென்ற அவரை, 1910 டிசம்பரில் சீன அரசு மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அங்குக் காய்ச்சலும் இருமலும் கண்டு, குருதி கக்கி, சில நாளில் மக்கள் மாண்டுகொண்டிருந்தனர்.

பிணத்தை அறுத்தல் அந்நாளில் சீனர் வெறுத்த செயல். எனினும், இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலைச் சோதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. குருதியையும் உறுப்புத் துணுக்குகளையும் எடுத்துச் சாயமேற்றி நோக்கினார். இரு முனையும் அடர்ந்து நடு வெளுத்த கோலுயிரிகள் திரளாக இருந்தன. இவை 1894இல் எர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்த பிளேக் கிருமிகளே. அவசரக் கண்ணுக்கு, முனை மட்டும் சாயமேறிய கோல் இரு புள்ளிகளாகத் தோன்றும். சாதாரண நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் இரட்டைக் கிருமியும் அவ்வாறே இரு புள்ளிகளாக இருக்கும்.

கிருமி பழையதே, அது குடிகொண்ட இடந்தான் புதுச்செய்தி. எலியின் தெள்ளுப்பூச்சி கடித்து வரும் பிளேக்கில் அரையிலும் அக்குளிலும் நெறிகட்டும். நிணநீர்க் கணுக்களே கிருமியின் முதல் இருப்பிடம். இங்கோ நோய் நுரையீரலைப் பற்றியிருந்தது. மூச்சுக் காற்று நிறையவேண்டிய சிற்றறைகளில் கிருமியும் குருதியும் நிறைந்தால், ஒவ்வோர் இருமலும் அவற்றைக் காற்றில் தெளிக்கும் அன்றோ? ஆகவே நோய் எலியை வேண்டாமல் மனிதரிடமிருந்து மனிதர்க்கே தாவுகிறது என வூ முடிவு செய்தார். பஞ்சை மெல்லிய துணியிடை வைத்த முகக்கவசத்தை மருத்துவரும் பிறரும் அணியச் செய்தார்.

வயதிலும் பதவியிலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இதனை ஏற்கவில்லை. எலியே காரணம் என்று வாதிட்டு, கவசமின்றி நோயாளரைச் சோதித்தார். 1911 ஜனவரியில் அந்நோயினாலேயே மாண்டார். அவர் அறியாதவர் அல்லர். அவர் கற்ற பிளேக் நெறிகட்டும் பிளேக். பழைய பாடத்தைப் புதிய சுவடியில் ஏற்றிப் படித்துவிட்டார் எனலாம்.

அதன்பின் கவசத்தை எள்ளுவோர் குறைந்தனர். நோயுற்றோரோடு பழகியவர்களைத் தனியே வைக்க இரயில் பெட்டிகள் பயன்பட்டன. நிலம் உறைந்து கிடந்ததால் புதைக்க இயலாது குவிந்திருந்த 2,000க்கு மேற்பட்ட உடல்கள், அரச ஆணை பெற்று ஜனவரி 31 முதல் எரிக்கப்பட்டன. மார்ச் 1இல் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியாவில் அதற்குள் மாண்டவர் ஏறத்தாழ 60,000 பேர். ஏப்ரலில் முக்தன் நகரில் கூடிய அனைத்துலக பிளேக் மாநாட்டுக்கு, 32 வயதே நிரம்பிய வூ தலைமை வகித்தார். 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் மருத்துவம் செய்த அவர், 1960 ஜனவரி 21இல் பினாங்கில் காலமானார்.