மோசடிக்கும் காப்பீடு உண்டா?

மோசடி செய்தார் என்று நீதிமன்றமே சொல்லிவிட்ட ஒரு நிறுவனத் தலைவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டுமா? அமெரிக்காவில் இதற்கு ஒரே விடை கிடையாது. டெலவேரில் ஒரு பதில், கலிஃபோர்னியாவில் வேறொரு பதில்.

அங்கே காப்பீடு பெரும்பாலும் மாநிலங்களின் கையில். 1945-இல் வந்த மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. ஆகவே, இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் எடுத்த முடிவுகளுக்காக வழக்கு வந்தால் கைகொடுக்கும் ‘டி அண்ட் ஓ’ பாலிசியும் மாநிலச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே.

வாழைப்பழம், அன்னாசிக்குப் பேர்போன டோல் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அதில் சுமார் 40 சதவீதப் பங்கு வைத்திருந்த டேவிட் முர்டாக், மீதிப் பங்குகளை 2013-இல் பங்கு ஒன்று 13.50 டாலருக்கு வாங்கிக்கொண்டார். விலை குறைவு என்று பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். பேரத்தைப் பரிசீலித்த இயக்குநர் குழுவுக்கே வருமானத்தைக் குறைத்துக் காட்டும் கணிப்புகள் போயிருந்தன. டெலவேர் நீதிமன்றம் 2015-இல் இதை மோசடி என்றது. முர்டாக்கும் இன்னொரு அதிகாரியும் சுமார் 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்றது. பிறகு சமரசம் ஆனது.

அந்தச் சமரசத் தொகையில் தன் பங்கைத் தர ஆர்எஸ்யுஐ என்ற காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. முதல் 7.5 கோடி டாலர் மற்றக் காப்பீட்டாளர்களின் பொறுப்பு; அது தீர்ந்தபின் வரும் 1 கோடி டாலர் அடுக்கு ஆர்எஸ்யுஐயினுடையது. டோலின் தலைமையகம் அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தது. பாலிசி போடப்பட்டதும் அங்கேதான். வேண்டுமென்றே செய்த செயலால் வந்த இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்று அந்த மாநிலக் காப்பீட்டுச் சட்டத்தின் 533-ஆம் பிரிவு சொல்கிறது. அது பொருந்தினால் ஆர்எஸ்யுஐ தப்பித்துவிடும்.

டெலவேர் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் அதை ஏற்கவில்லை. டோல் பதிவான இடம் டெலவேர். இயக்குநர்களின் கடமையை வகுப்பதும் அந்த மாநிலச் சட்டமே. ஆகவே பாலிசிக்கும் அதுவே பொருந்தும் என்றது. மோசடிக்குக் காப்பீடு கூடாது என்ற பொதுக்கொள்கை டெலவேரில் இல்லை என்றும் சொன்னது. நிறுவனம் தன் பணத்திலிருந்து ஈடுகட்ட முடியாத பொறுப்புக்கும் காப்பீடு வாங்கலாம் என்று டெலவேர் நிறுவனச் சட்டம் 145-ஆம் பிரிவில் அனுமதிக்கிறதே! நிறுவனங்களைத் தன்பக்கம் இழுத்தே பிழைக்கும் மாநிலத்திடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

அப்படியானால் பாலிசியிலேயே மோசடிக்கு விலக்கு இல்லையா? இருந்தது. ஆனால் மேல்முறையீட்டுக்கு இடமில்லாத இறுதித் தீர்ப்பு வந்தால்தான் அது செல்லும். இங்கே 2015-இல் நீதிபதி விரிவான கருத்துரை மட்டுமே எழுதினார்; இறுதித் தீர்ப்பு வருவதற்குள் சமரசம் முடிந்துவிட்டது. விலக்கு பயன்படவில்லை.

எல்லா வழக்கிலும் டெலவேர் பாலிசிதாரர் பக்கம் நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2019-இல் வெரைசான் வழக்கில், ‘பங்குப்பத்திர வழக்கு’ என்பதற்குப் பாலிசி தந்த விளக்கத்தைக் குறுக்கிப் படித்து, காப்பீட்டாளர் பக்கமே தீர்ப்பளித்தது அதே உச்ச நீதிமன்றம்.

அமெரிக்க நிறுவனம் ஒன்றில் இயக்குநராகச் சேரும் வாய்ப்பு வந்தால், கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள்: நிறுவனம் எந்த மாநிலத்தில் பதிவானது? பாலிசி எந்த மாநிலச் சட்டத்தைக் குறிப்பிடுகிறது? மோசடி விலக்கு இறுதித் தீர்ப்புக்குப் பின்தானா, அதற்கு முன்பேயா?