உங்களுக்குத் தெரியுமா? பினாங்கில் யாருக்குக் கப்பல் கிடைத்தது?

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் மலாயாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகர் மீது குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷ் நிர்வாகம் தீவைக் காலி செய்யத் தொடங்கியது. முதலில் ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சென்றனர். பிறகு டிசம்பர் 16 இரவு எஞ்சிய ஐரோப்பியர்களும் படையினரும் ஓசையின்றிக் கிளம்பினர். தீவின் பெரும்பான்மையினரான சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகியோரிடம் யாரும் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

அவசரத்தில் வானொலி நிலையத்தைக்கூட அழிக்காமல் போய்விட்டார்கள். துறைமுகத்தில் விட்டுச்சென்ற படகுகள் பின்னர் ஜப்பானியருக்கே உதவின.

கைவிடப்பட்ட ஊரைக் காக்க முன்வந்தவர்களில் ஒருவர், ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து. பல இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். குண்டுவீச்சு நிற்க வேண்டுமே என்று, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பிரிட்டிஷார் போய்விட்டதை அதே வானொலியில் அறிவிக்கவும் செய்தார். டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

மக்களின் கோபம் சிங்கப்பூர் வரை எட்டியது. இனி வெளியேற்றத்தில் இனப் பாகுபாடு கூடாது என பிரிட்டிஷ் ஆளுநர் ஷென்டன் தாமஸ் உத்தரவிட்டார். பினாங்கு மக்களுக்கு அது காலம் கடந்த நீதி.