மனுப் போட்டால்தான் மின்சாரச் சலுகை

ஊரில் மின்சாரக் கணக்கு ஒரு விதம். பெங்களூர் வந்துவிட்டால் அது வேறு விதம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை மீட்டர் பார்ப்பார்கள். 2016-ஆம் ஆண்டு மே மாதம் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனபோது, அதற்காக யாரும் வரிசையில் நின்று மனுக் கொடுக்கவில்லை. கணக்கில் தானாகவே கழிந்தது. அந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள், இங்கேயும் சலுகை என்று ஒன்று இருந்தால் அது தானாகவே வீடு தேடி வரும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

கர்நாடகத்தில் அப்படி இல்லை. இங்கே மாதாமாதம் பில். சலுகையும் உண்டு, ஆனால் கேட்டவருக்குத்தான். ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒரே அளவு மின்சாரம் எரியும். ஒரு வீட்டிற்குப் பூஜ்யம் என்று பில் வரும். பக்கத்து வீட்டுக்காரர் முழுப் பணம் கட்டுவார். வித்தியாசம், ஒருவர் மனுப் போட்டார், மற்றவர் போடவில்லை என்பதுதான். மாதம் 90 யூனிட் செலவழிக்கும் குடும்பத்திற்கு இது ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத விஷயம். பீன்யாவில் தொழிற்சாலை வேலை பார்ப்பவருக்கோ, கம்பெனியில் குமாஸ்தாவாக இருப்பவருக்கோ ஐந்நூறு ரூபாய் என்பது சில நாள் காய்கறிச் செலவு அல்லவா?

யாருக்கு எவ்வளவு?

கர்நாடக அரசின் 'கிருக ஜோதி' திட்டத்திற்கு 2023 ஜூன் 18 முதல் மனுக்கள் பெறப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு மாத பில்லிலிருந்து சலுகை நடைமுறைக்கு வந்தது. '200 யூனிட் இலவசம்' என்று பேச்சு வழக்கில் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. ஒரு வீடு 2022-23-ஆம் நிதியாண்டில் மாதத்திற்குச் சராசரியாக எவ்வளவு செலவழித்தது என்று பார்த்து, அதோடு 10 சதவீதம் சேர்த்து, அந்த அளவு வரைதான் இலவசம்.

ஒரு வீட்டின் சராசரி 90 யூனிட் என்றால், அந்த வீட்டிற்கு 99 யூனிட் இலவசம். 120 யூனிட் செலவழித்தால், அதிகப்படியான 21 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 200 யூனிட்டைத் தாண்டிவிட்டாலோ அந்த மாதம் சலுகையே இல்லை; முழு பில்லையும் கட்ட வேண்டியதுதான்.

மிகக் குறைவாகச் செலவழித்துவந்த வீடுகளுக்கு 10 சதவீதம் என்பது நாலைந்து யூனிட்தான் ஆகும். ஆகவே 48 யூனிட்டுக்குக் குறைந்த சராசரி உள்ளவர்களுக்கு 10 சதவீதத்திற்குப் பதில் 10 யூனிட் சேர்ப்பதென்று 2024 ஜனவரியில் அமைச்சரவை முடிவு செய்தது. புதிதாகக் கட்டிய வீட்டிற்குப் பழைய கணக்கு இராது. அதற்கு மாநிலச் சராசரியான 53 யூனிட்டை வைத்து, 10 சதவீதம் சேர்த்து, 58 யூனிட் என்று கணக்கிட்டார்கள்.

குடித்தனக்காரர்களும் கேட்கலாம்

வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கிடையாது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தவறு. மனுவிலேயே சொந்தக்காரரா, குடித்தனக்காரரா என்று கேட்கப்படுகிறது. வேண்டியவை மூன்று: ஆதார் எண், பில்லில் அச்சிட்டிருக்கும் கணக்கு எண், அந்த முகவரியில் குடியிருப்பதற்கு அத்தாட்சியாக வாடகை ஒப்பந்தம் அல்லது வாக்காளர் அட்டை. 'சேவா சிந்து' தளத்தில் கைப்பேசி மூலமாகவே பதிவு செய்யலாம். அது கைவராதவர்கள் 'பெங்களூர் ஒன்', 'கர்நாடக ஒன்' மையங்களுக்குப் போகலாம். பதிவானதும் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பில்லில் ஏதாவது தகராறு வந்தால் 1912 என்ற எண்ணில் கூப்பிட்டு முறையிடலாம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெங்களூரில் ஒரே கட்டடத்தில் நாலைந்து குடித்தனங்களை வைத்து, மின் கம்பெனியின் மீட்டர் ஒன்றும், குடித்தனத்திற்கு ஒன்றாகத் துணை மீட்டர்களும் போட்டிருக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அரசாங்கத்தின் கணக்கில் அது ஒரே ஒரு வீடுதான். எல்லோருடைய செலவும் சேர்ந்து 200-ஐத் தாண்டிவிடும். ஒருவருக்கும் சலுகை வராது. தாண்டாவிட்டாலும் பயன் யாருக்குப் போகிறது என்பது வீட்டுக்காரருக்கே வெளிச்சம்.

ஆகவே வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வசதியை விசாரிப்பது போலவே, தனி மீட்டர் உண்டா, பழைய பாக்கி ஏதும் நிற்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். கடைசியாக வந்த பில்லைக் காட்டச் சொன்னால் இரண்டும் தெரிந்துவிடும்.

வீடு மாறும்போது

ஒருவருடைய ஆதார் எண்ணை ஒரு மீட்டரோடுதான் இணைக்க முடியும். பழைய வீட்டு மீட்டரோடு இணைத்துவிட்டு அப்படியே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர்கள், புது வீட்டிற்கு மனுப் போட முடியாமல் திண்டாடினார்கள். அந்த வீட்டிற்குப் புதிதாக வந்தவர்களுக்கும் அதே திண்டாட்டம். இதற்காகவே, பழைய இணைப்பை நீக்கும் வசதி 2024-இல் சேவா சிந்துவில் ஏற்படுத்தப்பட்டது.

காலி செய்யும் மாதத்திலேயே பழைய மீட்டரிலிருந்து ஆதாரை நீக்கிவிட்டுப் புது மீட்டருக்கு மனுப் போட வேண்டும். குடிவருகிறவர், முன்பு இருந்தவர் நீக்கிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் முழு பில்தான். இணைப்பு மாறிய பிறகு வரும் முதல் பில்லில் எத்தனை யூனிட் கழித்திருக்கிறார்கள் என்று கவனிப்பது நல்லது.

சிக்கனம் எங்கே தொடங்குவது?

இந்தத் திட்டத்தில் சிக்கனத்திற்கு இரட்டை லாபம் உண்டு. 205 யூனிட் எரித்தவர் 6 யூனிட் குறைத்திருந்தால் முழு பில்லிலிருந்து தப்பியிருப்பார்; தமக்குரிய அளவுக்கு மேற்பட்டதற்கு மட்டும் கட்டியிருப்பார்.

எங்கே குறைப்பது? முதலில் மின்விசிறி. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இரண்டு மின்விசிறிகள் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 45 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் 30 வாட் அளவில் ஓடுகின்றன. அதே இரண்டு, அதே நேரம், 18 யூனிட்தான். மிச்சம் 27 யூனிட். 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு ஐந்து மணி எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. பெங்களூர்க் குளிருக்கு வெந்நீர் வேண்டும். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி ஓடினால் மாதம் 30 யூனிட்.

புதுச் சாமான் வாங்கும்போது நட்சத்திரச் சீட்டைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2006-இல் இதைத் தொடங்கியது. 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் இது கட்டாயமாயிற்று. நட்சத்திரங்களை எண்ணினால் மட்டும் போதாது. குளிர்பெட்டியின் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும், சீட்டு எந்தக் காலத்திற்குரியது என்றும் எழுதியிருக்கும். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

சொந்தக் கூரை இருந்தால்

இங்கே சொந்த வீடு கட்டிக்கொண்டவர்களுக்கும், சம்பாத்தியத்தில் ஊரில் வீடு கட்டி அம்மா அப்பாவைக் குடிவைத்திருப்பவர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் இந்தியா முழுவதற்கும் உரியது. ஒரு கோடி வீடுகளுக்கென்று 75,021 கோடி ரூபாய்க்கு, 2026-27 நிதியாண்டு வரை ஒப்புதல் தரப்பட்டது. கூரையில் 1 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அடுக்குமாடிச் சங்கங்கள் பொது உபயோகத்திற்கு வைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்.

திட்டத்தின் தளத்தில் மாநிலம், மின் கம்பெனி, இணைப்பு எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பதிய வேண்டும். அனுமதி வந்ததும், பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தகடு வைக்கலாம். உள்நாட்டில் தயாரானவற்றுக்கே மானியம் உண்டு. மின் கம்பெனி பரிசோதித்து, இருவழி மீட்டர் பொருத்தியபின் மானியம் நேராக மனுதாரரின் வங்கிக் கணக்கிற்கு வரும். ஆகவே 'மானியம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு' என்று வரும் தரகர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். ஊர் வீட்டு இணைப்பு காலமான பெரியவர் பெயரிலேயே இருந்தால், முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும்; சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் கேட்கும். ஏற்கெனவே பூஜ்ய பில் வாங்குகிறவருக்கும், பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டிற்கும் இதில் பெரிய லாபமில்லை. மாதம் 250, 300 யூனிட் என்று கட்டிக்கொண்டிருக்கும் பெரிய குடும்பங்கள்தாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவர்கள்.

சலுகைகள் சட்டப்படி எழுதிவைக்கப்பட்டவை. கன்னடம் படிக்கத் தெரியவில்லை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை என்பதற்காக அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பில்லையும் ஆதாரையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஒன்றாக எடுத்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் மீதி வேலையும் முடியும்.